துலாக்கோலும் தேயிலைக் கூடையும்: தலைமைத்துவத்தில் நலவாழ்வு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தலைமைத்துவம் பற்றிப் பேசும் நூல்களும் தன்முனைப்புப் பயிலரங்குகளும் அண்மைக் காலத்தில் வலியுறுத்தும் கருத்துகளுள் ஒன்று, தலைவன் முதலில் தன்னைப் பேணிக்கொள்ள வேண்டும் என்பதாகும். உடல் நலம், மன அமைதி, ஓய்வு, குடும்பத்திற்கென ஒதுக்கும் நேரம் ஆகியவற்றைச் சமன்படுத்திக்கொண்டவனே பிறரை வழிநடத்தத் தகுதியுடையவன் என்று அவை கூறுகின்றன. தமிழ்ச் சூழலில் இக்கருத்து பெரும்பாலும் திருக்குறளின் துணையோடு முன்வைக்கப்படுகிறது. நடுவு நிலைமை, மருந்து, வெகுளாமை முதலிய அதிகாரங்களிலிருந்து ஒவ்வொரு குறளாக எடுக்கப்பட்டுத் தனிமனித வெற்றிக்கான வாய்பாடுகளாக விளக்கப்படுகின்றன.

இவ்விளக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கருத்தை அது எளிதில் பொருந்தும் இடத்தில் வைத்துச் சோதிப்பதைவிட, அது இடறும் இடத்தில் வைத்துச் சோதிப்பது பயனுடையது. எனவே பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை நாம் ஆய்வுக் களமாகக் கொள்கிறோம். மலேசியத் தமிழ்ப் புனைகதையின் தோட்டம் பெரும்பாலும் பால்மரக் காடாகவே இருந்து வந்துள்ளது. தேயிலை மலை அதில் அருகியே இடம்பெறுகிறது. ஆகவே இம்மலையின் வரலாற்றோடு, தேயிலை வாழ்வை எழுதிய தமிழகத்துப் படைப்புகளான ‘துன்பக்கேணி’, ‘எரியும் பனிக்காடு’ ஆகிய இரண்டையும் இணைத்துப் படிக்கிறோம். நிலம் வேறாயினும் தொழிலும் அதன் அதிகார அமைப்பும் நெருங்கிய உறவுடையவை என்பதே இவ்விணைப்புக்குக் காரணம்.

ஓய்வுக்கான மலை, உழைப்புக்கான மலை

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். அவர் பெயரையே இம்மலை பெற்றது. எனினும் அது உருப்பெற்றது நாற்பதாண்டுகளுக்குப் பிறகுதான். 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இப்பகுதியைப் பார்வையிட்டு, மலைவாழிடமாக வளர்க்கத் தக்கது என்று பரிந்துரைத்தார். அதே காலத்தில் தானா ராத்தாவில் வேளாண் சோதனை நிலையமும் தொடங்கப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்ட பட்டறிவுடைய ஏ. பி. மில்னுடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார்.

இவ்வாண்டுகளின் வரிசையில் ஓர் உண்மை புலப்படுகிறது. கேமரன் மலைக்கு நவீன காலத்தில் கொடுக்கப்பட்ட முதல் பொருள் நலவாழ்வு என்பதே. சமவெளியின் வெப்பத்திலும் அலுவல் நெருக்கடியிலும் தளர்ந்த ஆட்சியாளன் இழந்த சமநிலையை மீட்டுக்கொள்ளும் இடமாகவே மலைவாழிடம் எண்ணப்பட்டது. இன்று தலைமைத்துவப் பயிற்சிக்காக அலுவலர்களை மலைத்தங்குமிடங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. தலைவன் மலையேறினால் தெளிவான், தெளிந்தால் நன்றாக ஆள்வான் என்னும் நம்பிக்கைக்கு ஏறத்தாழ நூற்றாண்டு வயதாகிறது.

அதே மலையில், அதே குளிரில், காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களுக்கு மலை வேறு பொருள் தந்தது. ஒரேயொரு நீராவி உருளையையும் சில கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டு மனித உழைப்பால் காடு திருத்தப்பட்டதைத் தோட்டத்தின் நிறுவன வரலாறு பெருமிதத்தோடு கூறுகிறது. தொடக்கியவர்களின் பெயர்கள் அவ்வரலாற்றில் நிலைபெற்றுள்ளன. திருத்தியவர்கள் ‘தொழிலாளர்’ என்னும் பொதுச்சொல்லில் அடங்கிவிடுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஓய்வெடுக்க வந்தவனுக்கு மருந்தாக அமைந்த குளிரும் மழையும், விடியலில் கூடை சுமந்து சரிவில் நின்றவளுக்குத் தொழிற்சூழலாக அமைந்தன. எனவே ‘சமநிலை’ என்னும் சொல்லை இம்மலையில் வைத்துப் பேசும்போது, எவருடைய சமநிலை, எவருடைய உழைப்பின்மீது என்று கேட்காமல் மேற்செல்ல இயலாது.

தலைக்காசும் தலைமையும்

தோட்டத்துத் தமிழ்த் தலைமை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் கங்காணி. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் நிறுத்தப்பட்ட உதவிபெற்ற குடிபெயர்வு, 1934இல் மீண்டும் தொடங்கி, 1938இல் இந்திய அரசின் தடையால் முற்றுப்பெற்றது. கேமரன் மலைத் தேயிலை வேரூன்றிய முதல் பத்தாண்டு முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்திற்குள் அடங்குகிறது.

கங்காணியை முற்றிலும் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அது வரலாற்றுக்கு நேர்மையானதன்று. அவர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தவர், வழக்குத் தீர்த்தவர், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தியவர், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே மொழிப்பாலமாக நின்றவர். அவர் தலைமையின் சிக்கல் அவர் குணத்தில் மட்டும் இல்லை, அவர் வருவாய் அமைந்த முறையிலும் இருந்தது. தம் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் அவர் தலைக்காசு பெற்றார். காய்ச்சலில் கிடக்கும் ஆள் தலைக்காசு தருவதில்லை. பிள்ளை பெற்ற தாய் ஓய்வெடுத்தால் அந்த நாள்களின் காசு குறைகிறது. ஆக, பிறருடைய நோயைத் தம் இழப்பாகக் காணும்படி ஒரு தலைவரை அமைத்த முறை அது.

இத்தகைய அமைப்பில் இருக்கும் ஒருவருக்கு, மூச்சுப்பயிற்சி செய்க, சினத்தைக் குறைத்துக்கொள்க, நேரத்தைப் பகுத்துக்கொள்க என்று அறிவுரை கூறினால் என்ன நிகழும்? அவர் அமைதியான கங்காணி ஆகக்கூடும். ஆனால் தலைக்காசின் கணக்கு மாறாதவரை, அந்த அமைதி காய்ச்சலில் கிடப்பவனின் கதவைத் தட்டுவதை நிறுத்தாது. தட்டும் ஓசையை மட்டுமே மென்மையாக்கும். தனிமனித நலவாழ்வை மட்டும் பேசும் தலைமைத்துவக் கோட்பாட்டின் முதன்மையான குறை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இலக்கியம் காட்டும் இரு தலைமைகள்

புதுமைப்பித்தன் ‘மணிக்கொடி’யில் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் கதை. தோட்டத்து அதிகாரத்தின் கையில் அவள் உடலும் வாழ்வும் சிதைவதை ஆசிரியர் இரக்கத்தை வலிந்து ஊட்டாமல் எழுதுகிறார். அக்கதையில் அதிகாரத்தில் இருப்போர் எவரும் மன நெருக்கடியில் தவிப்பவர்கள் அல்லர். வசதியான, நிதானமான அன்றாடம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. மேலிருப்பவனின் நலவாழ்வும் கீழிருப்பவளின் அழிவும் ஒரே தோட்டத்தில் முரண்பாடின்றி நிலவக்கூடும் என்பதே இக்கதை நமக்கு விட்டுச் செல்லும் கசப்பான அறிவு.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்து, இரா. முருகவேள் தமிழாக்கத்தில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என வெளியான புதினம் இச்சிக்கலை மேலும் விரிவாக அணுகுகிறது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1920களின் பின்னணியில், மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு மலையேறும் கருப்பன், வள்ளி ஆகியோரின் வாழ்க்கையாக அவர் கதையை அமைக்கிறார். மலேரியாவும் குளிரும் கடனும் அவர்களைச் சூழ்கின்றன. ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

நம் நோக்கில் இப்புதினத்தின் சிறப்பு, அது இருவகைத் தலைமைகளை எதிரெதிரே நிறுத்துவதில் உள்ளது. ஒன்று மேஸ்திரியின் தலைமை. அது இனிய சொல்லில் தொடங்கிக் கடன் கணக்கில் முடிகிறது. மற்றொன்று பின்னர்த் தோட்டத்திற்கு வரும் மருத்துவர் ஆபிரகாமின் தலைமை. முறையான பயிற்சியுடைய மருத்துவர் இல்லாத இடத்திற்கு அவர் வந்து சேர்கிறார். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதோடு அவர் பணி முடிந்துவிடுவதில்லை. நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கியவுடன், தோட்டத்தின் நடைமுறையையே அவர் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆபிரகாம் இயல்பாகவே சமநிலை வாய்த்தவராகப் படைக்கப்பட்டிருந்தால் அப்பாத்திரம் ஓர் அறவுரையாக நின்றிருக்கும். மாறாக, பிறர் நலம் பற்றிய கவலையே அவரைத் துரைமார் உலகோடு பொருந்த முடியாதவராக்குகிறது. நிறுவனம் கொடுத்த வசதியோடு அமைதியாக வாழ்வதா, கண்ட உண்மைக்காக அமைதியை இழப்பதா என்னும் இடத்தில் அவர் நிற்கிறார். தலைமையின் உண்மையான சோதனை அவ்விடமே. இன்றைய தன்முனைப்பு நூல்களின் அளவுகோலால் அளந்தால் ஆபிரகாமுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைக்கும். ஆனால் மேஸ்திரியைவிட அவரையே நாம் தலைவரென ஏற்கிறோம். அவ்வாறாயின் குறை அளவுகோலில் உள்ளது எனல் தகும்.

புதினத்திற்கும் ஓர் எல்லை உண்டு. மாற்றத்திற்கான குரல் பெரிதும் கற்ற மருத்துவரிடமிருந்து எழுவதால், கருப்பன் போன்றோர் தம் நலத்தைத் தாமே எவ்வாறு வரையறுத்திருப்பர் என்னும் வினா முழுமையாக விடை பெறவில்லை. அவ்வினாவுக்கு மலாயா வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. அதற்குமுன் குறளின் அளவுகோலைக் காண்போம்.

குறளின் துலாக்கோல்

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவு நிலைமை, பயிலரங்குகளில் ‘மனச் சமநிலை’ என விளக்கப்படுவதுண்டு. வள்ளுவர் அங்கே எடுத்தாளும் உவமை எடை பார்க்கும் துலாக்கோல். துலாக்கோல் தனக்காக அமைதியடையும் பொருளன்று. பிறர் பொருளைப் பிறர்க்காக நிறுப்பது அது. அதன் சமன் அதன்மேல் வைக்கப்பட்ட இரு பக்கங்களுக்கும் செய்யும் நீதியாகும். எனவே வள்ளுவர் கூறும் சமநிலை ஒரு மனநிலையாகத் தொடங்கினாலும், அது செயலில் வெளிப்படும்போதே மதிப்புப் பெறுகிறது.

இவ்வுவமை தேயிலைத் தோட்டத்திற்கு வெறும் உவமையன்று. கொழுந்து நிறுக்கும் தராசு அங்கே அன்றாட வாழ்வின் நடுவில் இருக்கிறது. பறித்த கொழுந்தின் எடையே கூலியைத் தீர்மானிக்கும் தொழிலில், தராசருகே நிற்பவரின் நேர்மை ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிறது. ஈரத்திற்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படும் எடை, தமிழகத்திலும் இலங்கையிலும் தேயிலைத் தொழிலாளரின் நீண்டகால மனக்குறையாக இருந்துள்ளது. மாலையில் கொழுந்து நிறுப்பவரிடம் நடுவு நிலைமை பற்றிக் கேட்டால், தியானத்தைப் பற்றி அவர் பேசத் தேவையில்லை. முள் எங்கே நிற்கிறது என்று காட்டினால் போதும்.

மேலும் அதே அதிகாரம், நடுநிலையோடு வாழ்ந்தவன் வறுமையுற்றால் அவ்வறுமையை உலகம் கேடாகக் கருதாது என்னும் கருத்தையும் கூறுகிறது. சமநிலை வெற்றியைத் தரும் என்று உறுதியளிக்கும் பயிலரங்குகள் இக்குறளை எடுத்துக்காட்டுவது அரிது. நடுநிலை ஒருவனைத் தாழ்த்தவும் கூடும் என்பதை வள்ளுவர் மறைக்கவில்லை. ஆபிரகாமைப் போன்றவர்களின் நிலையை விளக்க இக்குறளே உதவுகிறது.

அவ்வாறாயின், தன்னைப் பேணுதல் என்பதற்குக் குறளில் இடமே இல்லையா என்னும் மறுப்பு எழலாம். இடம் உண்டு. மருந்து அதிகாரம் அளவறிந்து உண்பதை வலியுறுத்துகிறது. வெகுளாமை அதிகாரம், ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ள விரும்பினால் சினத்திலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் இவ்விரண்டும் முடியும் திசையை நோக்க வேண்டும். தலைவனின் சினம் அவனை மட்டும் எரிப்பதில்லை. அவன்கீழ் இருப்போரை அச்சத்தில் வாழவைக்கிறது. அதனால்தான் வெருவந்த செய்யாமை ஆட்சிக்குரிய தனி அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. இறைமாட்சி அதிகாரம் தலைவனுக்குக் கூறும் பண்புகளுள், எளிதில் காணத்தக்கவனாகவும் கடுஞ்சொல் இல்லாதவனாகவும் இருத்தல் குறிப்பிடத்தக்கது. தலைவனின் உடல்நலமும் மனநலமும் அவனை நாடி வருவோர்க்குத் திறந்திருக்கும் கதவாக மாற வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் நுட்பமானது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன் என நான்கு கூறுகளை ஒன்றாக வைத்து வள்ளுவர் மருத்துவத்தை வரையறுக்கிறார். நோயை வெல்லும் பொறுப்பு நோயாளியின் மனவுறுதியிடம் மட்டும் விடப்படவில்லை. நால்வகைத் துணையும் கூடினாலன்றி நலம் கூடாது என்னும் இவ்வரையறை, நலவாழ்வைத் தனிமனித முயற்சியாகச் சுருக்கும் போக்குக்குத் தக்க மறுப்பாகும்.

தொழிலாளர் வரைந்த நலவாழ்வு

‘எரியும் பனிக்காடு’ விட்டுச்சென்ற வினாவுக்கு இங்கே திரும்புவோம். 1941இல் கிள்ளான் மாவட்ட ரப்பர்த் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல், தக்க மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் இழிவுகளை நிறுத்துதல், மேலாளர் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டியதில்லை என்னும் உரிமை ஆகியனவும் இருந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இக்கோரிக்கைப் பட்டியலை நலவாழ்வுக்கான வரைவாகவும் நாம் படிக்கலாம். ஓய்வு நேரம், உடல்நலம், குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை, பாதுகாப்பு, தன்மதிப்பு ஆகியவை இன்றைய நலவாழ்வு நூல்களின் அதிகாரத் தலைப்புகளாகவே உள்ளன. வேறுபாடு ஒன்றுண்டு. நூல்கள் இவற்றை ஒருவன் தானே வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கங்களாகக் கூறுகின்றன. கிள்ளான் தொழிலாளர் இவற்றைச் சேர்ந்து பெற வேண்டிய நிலைமைகளாகக் கண்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையை எந்தத் தியானமும் ஒருவனுக்குப் பெற்றுத்தர முடியாது.

இன்றைய மலையும் வகுப்பறையும்

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் பெருமளவில் வெட்டுகின்றன. முதல் தலைமுறையினரின் பெயரர்கள் பலர் பட்டணங்களில் உள்ளனர். அவர்கள் விட்டுச்சென்ற சரிவுகளில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கின்றனர். கடன்பட்டுக் கடல் கடந்து, மொழி அறியா மலையில் நிற்கும் அவர்களின் நிலை, நம் முன்னோரின் நிலையிலிருந்து வெகுதூரம் இல்லை. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஒரு தமிழரிடம் வரும்போது, துலாக்கோல் அவர் கையில் இருக்கிறது. நம் தலைமைத்துவக் கல்வி அவருக்கு எதைக் கற்பித்தது என்பது அப்போது வெளிப்படும்.

ஆசிரியர்க்கும் இவ்வினாவில் பங்குண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியராகவும் இருந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் தலைமை, ஒருவகையில் கங்காணியின் தலைமையிலிருந்து பிரிந்து வளர்ந்தது எனலாம். பிள்ளையைத் தலைக்கணக்காகப் பார்க்கும் பார்வையிலிருந்து, பெயரும் முகமும் உடைய ஒருவராகப் பார்க்கும் பார்வைக்கு மாறியதே அப்பிரிவின் வரலாறு.

இன்றோ ஆசிரியர்களும் தளர்ந்துள்ளனர். பதிவேடுகள், தேர்ச்சி விழுக்காடுகள், மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளைக் காக்கும் கவலை ஆகியவை அவர்களை நெருக்குகின்றன. அவர்களுக்கு ஓய்வும் உளநலத் துணையும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நெருக்கும் பணிச்சுமையை அப்படியே வைத்துவிட்டு, ஒருநாள் பயிலரங்கில் ‘சமநிலை கொள்க’ என்று கூறி அனுப்புவது, நோயாளியிடமே நான்கு கூறுகளையும் ஒப்படைப்பதாகும். தலைமையாசிரியர் ஒருவர் தம் நலத்தைப் பற்றி எண்ணும்போது, தம்கீழ்ப் பணியாற்றும் இளைய ஆசிரியர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதையும் சேர்த்து எண்ணினால், குறளின் பொருள் அங்கே நிறைவேறும்.

முடிவுரை

தலைவன் தன்னைப் பேண வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. அக்கருத்து பாதி வழியில் நின்றுவிடுவதையே சுட்டுகிறது. கேமரன் மலையின் வரலாறு, ஒருவரின் ஓய்வும் மற்றவரின் உழைப்பும் ஒரே சரிவில் அடுத்தடுத்து இருந்ததைக் காட்டுகிறது. தலைக்காசு முறை, அமைப்பு மாறாமல் மனம் மட்டும் மாறுவதன் எல்லையைக் காட்டுகிறது. ‘துன்பக்கேணி’யும் ‘எரியும் பனிக்காடும்’ மேலிருப்போரின் அமைதியை ஐயுறக் கற்பிக்கின்றன. குறளோ, சமநிலையை நெஞ்சில் தொடங்கித் தராசில் முடிக்கிறது.

நடுவு நிலைமை அதிகாரத்தை வகுப்பில் கற்பிக்கும்போது, மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், தேயிலைத் தோட்டத்துத் தராசையும் மாணவர்முன் வைத்தல் நன்று. அதில் எவர் எதை நிறுத்தார், எவர் கூலி எவ்வாறு குறைந்தது என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், தலைமைத்துவம் என்னும் சொல் அவர்களுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.